கையெழுத்துப் போடாததா, பாதி போட்டதா, புழங்கியதா: 19-ஆம் நூற்றாண்டு நோட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னையில் நாணய, நோட்டுக் கண்காட்சிகளைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஆர்பிஐ ஆளுநர்களின் கையெழுத்து வரிசையை ஓரளவு சேர்த்தாயிற்று. ஜார்ஜ் மன்னர் தலை போட்டதும் ஒன்றிரண்டு வந்துவிட்டது. அடுத்து இன்னும் பழையதாக, 19-ஆம் நூற்றாண்டுக் காகிதமாக ஒன்று வாங்கலாம் என்று தோன்றும். டீலரிடம் கேட்டால் ஆல்பத்தைத் திருப்பி மூன்று விதமான நோட்டுகளைக் காட்டுவார். முதலாவது நேற்று அச்சானது மாதிரி மொடமொடப்பாக இருக்கும். ஆனால் அதில் கையெழுத்து இல்லை, எண் இல்லை, தேதியும் இல்லை. இரண்டாவதில் ஒரு கையெழுத்து மட்டும் இருக்கும். பக்கத்துக் கோடு காலி. மூன்றாவதில் எல்லாம் இருக்கும், கூடவே நாலைந்து மடிப்பும் பிசிறிய ஓரமும் யாரோ எண்ணிப் பார்த்த விரல் அழுக்கும்.

இதில் எதற்குப் பணம் கொடுப்பது? எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை, பாதி கையெழுத்தானது. ஆனால் முதன்முதலாக வாங்குகிறவர் நேராக அதற்குப் போக வேண்டாம் என்பதும் என் கருத்து. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில், கையெழுத்து இல்லாத நோட்டு எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். நாம் இன்று கையில் பிடிக்கிற நோட்டில் ஆளுநரின் கையெழுத்தும் அச்சுதான். அச்சகத்தை விட்டு வெளியே வரும்போதே அது முழு நோட்டு. 19-ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் அப்படி இல்லை. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் போர் வரைக்கும் அங்கே மாநில அரசுகளிடம் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள் அவரவர் பெயரில் நோட்டு வெளியிட்டன. எஃகுத் தகட்டில் படம் செதுக்கி அச்சடிக்கும் வேலை நியூயார்க், பிலடெல்ஃபியா போன்ற ஊர்களில் இருந்த செதுக்கு நிறுவனங்களுடையது. அவற்றில் ஏழு சேர்ந்துதான் 1858-ல் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி ஆனது. பெரும்பாலும் நான்கு நோட்டு கொண்ட தாள்களாக அச்சாகி வங்கிக்குப் போகும். அங்கே ஒருவர் பேனாவால் எண் எழுதுவார், தேதி எழுதுவார். இடது கீழே கேஷியர் கையெழுத்து, வலது கீழே தலைவர் கையெழுத்து. அப்புறம் கத்தரித்துக் கவுன்டருக்குப் போகும். இவ்வளவும் முடிகிற வரைக்கும் அது அழகான வெற்றுத்தாள். திருடிக்கொண்டு போனாலும் வங்கி அதற்குப் பணம் தர வேண்டிய கடமை இல்லை.

இங்கிலாந்திலும் நிலைமை இதுதான். பேங்க் ஆஃப் இங்கிலாந்து கேஷியர்கள் ஒவ்வொரு நோட்டிலும் பெறுபவர் பெயரைக் கையால் நிரப்பி, கையெழுத்தும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1853-ல் முழுக்க அச்சிட்ட நோட்டு வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது.

வங்கி மூடினால் என்ன ஆகும்? எண் எழுதாத, கையெழுத்துப் போடாத தாள்கள் பெட்டகத்திலேயே தங்கிவிடும். 1865-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மாநில வங்கிகளின் நோட்டுக்கு 10 சதவீத வரி விதிக்கச் சட்டம் போட்டது. அதோடு அந்த நோட்டுகள் சந்தையை விட்டே போயின. தங்கிப்போன தாள்கள் பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் கைக்கு வந்தன. இப்படித் தங்கியவற்றை டீலர்கள் ரிமெய்ண்டர் என்பார்கள். வங்கி வேலை எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடத்திலேயே நோட்டும் நின்றிருக்கும்.

சரி, நம் ஊர் வங்கி நோட்டையே வாங்கலாமே என்று கேட்கலாம். ராஜாஜி சாலையில் ஸ்டேட் பேங்க் இருக்கும் அந்தச் செங்கல் கட்டடம் பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காகக் கட்டியது. அந்த வங்கி 1843-ல் தொடங்கி நோட்டு வெளியிட்டது. 1861-ன் காகிதப் பணச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை அரசிடம் கொண்டுபோனதால் அது நின்றுபோனது. அந்த நோட்டுகள் அபூர்வம். சாதாரணச் சேகரிப்பாளர் வாங்கும் விலையில் வருவதில்லை. பிறகு வந்த அரசு நோட்டுகளில் மெட்ராஸ் வட்டத்துடையவை, அதாவது மெட்ராஸ் பகுதிக்கென வெளியிட்டவை, இன்னும் தலைகாட்டுகின்றன, ஆனால் அவற்றின் விலையும் பயமுறுத்தும். ஆகவே, சென்னையில் உட்கார்ந்துகொண்டு 19-ஆம் நூற்றாண்டு நோட்டு வாங்க நினைத்தால் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் காகிதத்துக்குத்தான் வந்து சேருவீர்கள். இந்த ஒப்பீடும் முக்கியமாக அதைப் பற்றியதுதான். இந்திய விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதில் சொல்ல அருமையான கதைகள் உண்டு.

கையெழுத்தே இல்லாத ரிமெய்ண்டரின் பெரிய லாபம், செதுக்குவேலையைப் பார்க்க அதைவிட நல்ல பிரதி கிடைக்காது என்பது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கெனால் பேங்க் நோட்டுகளை உதாரணமாகச் சொல்லலாம். 1831-ல் கால்வாய் வெட்டுவதற்கென்றே தொடங்கிய நிறுவனம் அது. மஞ்சள் காய்ச்சல் கொன்ற ஐரிஷ் கூலித் தொழிலாளர்களின் உழைப்பில் வெட்டிய கால்வாய். அந்த வங்கியின் கையெழுத்தில்லாத நோட்டுகள் கட்டுக்கட்டாகத் தங்கிவிட்டதால் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. சாதாரண மதிப்புகளைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். பத்து மடங்கு லூப், அதாவது கண்ணருகே பிடிக்கும் சிறு உருப்பெருக்கி, வைத்துப் பாருங்கள். ஒரு முகத்தின் கன்னத்தில் நிழல் விழுகிற இடத்தில் கோடுகள் நெருங்குவதும், வெளிச்சம் படுகிற இடத்தில் கோடு உடைந்து புள்ளிகளாவதும் தெரியும். விரலால் மெல்லத் தடவினால் மை மேடு தட்டுப்படும். ஐம்பது கைகள் மாறிய நோட்டில் இந்த மேடு தேய்ந்து போயிருக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. அதிகம் பேர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்து எழுதுமை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது. இரண்டும் இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சரக்குதான். அந்த மையில் அமிலம் இருக்கிறது. அழுத்தி எழுதிய இடங்களில் நாள்பட நாள்படக் காகிதத்தைத் தின்றுவிடும். கையெழுத்தின் கனத்த கோட்டில் காகிதம் பிளந்து, அந்தப் பக்கம் தெரிகிற நோட்டுகள் உண்டு. கையெழுத்தில்லாததற்கு அந்த ஆபத்தே இல்லை. சென்னை மாதிரி ஈரப்பதம் அதிகமான ஊரில் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறை என்னவென்றால், மனித கை பட்ட தடம் அதில் இல்லை. அது எந்த நாளிலும் பணமாக இருந்ததில்லை. சிலருக்கு இது பெரிய உறுத்தல். "கையெழுத்து இல்லாத நோட்டை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?" என்று கண்காட்சி மேசைகளில் அடிக்கடி கேட்கிறது. நான் அந்தக் கேள்வியோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. வெளியே வராமல் போனதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. ஹங்கேரிப் புரட்சித் தலைவர் லாயோஷ் கோஷுத், 1852-ல் அமெரிக்காவில் இருந்தபடி தன் நாட்டு விடுதலைக்காக ஃபோரிண்ட் நோட்டுகளை பிலடெல்ஃபியாவில் அச்சடித்து வைத்தார். விடுதலை வரவில்லை. நோட்டும் புழக்கத்துக்கு வரவில்லை. 1861-ல் லண்டனில் திரும்ப அச்சடிக்க முயன்றபோது ஆஸ்திரியப் பேரரசர் அங்குள்ள நீதிமன்றத்துக்கே போய் அதைத் தடுத்தார். பிலடெல்ஃபியா நோட்டு ஒன்று, எண் எழுதாமல், இன்றும் எளிய விலையில் கிடைக்கும். கையில் பிடிக்கும்போது, நடக்காமல் போன ஒரு நாட்டின் கருவூலத்தையே பிடித்திருக்கிறோம். எந்தப் புழங்கிய நோட்டும் எனக்கு அந்த உணர்வைத் தந்ததில்லை.

இப்போது பாதி கையெழுத்தானவை.

என்னிடம் இருக்கும் ஒன்றை விவரமாகச் சொல்கிறேன், ஏன் பிடிக்கும் என்று அப்போது புரியும். 1850-களின் அமெரிக்க நோட்டு. மேலே எண் எழுதும் இடத்தில் பேனாவால் எண் இருக்கிறது. தேதி வரியில் 185 என்ற மூன்று இலக்கம் அச்சில் இருக்கிறது. கடைசி இலக்கம் எழுதவில்லை, மாதமும் நாளும் எழுதவில்லை. இடது கீழே கேஷியர் கையெழுத்து. முதல் எழுத்தின் கீழ்நோக்கிய இழுப்பில் நிப்பு அகன்று மை தடித்திருக்கிறது. மேல்நோக்கிய இழுப்பு மயிரிழை. கடைசிச் சுழியில் மை தீர்ந்து கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவில் காகிதம் தெரிகிறது. எழுதியபோது கறுப்பாக இருந்த மை இப்போது டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது. வலது கீழே தலைவருக்கான கோடு சுத்தமாகக் காலி.

இதிலிருந்து வேலையின் வரிசை தெரிகிறது. எண் முதலில். கேஷியர் அடுத்து, சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு கட்டை வைத்துக்கொண்டு போட்டுத் தள்ளியிருக்க வேண்டும். மையைக் கூடத் திரும்பத் தொடாமல் அடுத்த நோட்டுக்குப் போன அவசரம் அந்தச் சுழியில் இருக்கிறது. தலைவரின் கையெழுத்தும் தேதியும் நோட்டு வெளியே போகிற சமயத்துக்காகக் காத்திருந்தன. அந்தச் சமயம் வரவில்லை. வங்கி எப்படி வேலை செய்தது என்பதை முழுசாக முடிந்த நோட்டு இந்த அளவுக்குச் சொல்லாது, ஏனென்றால் அதில் எல்லாப் படிகளும் மூடிப்போயிருக்கும். ஒன்றுமே எழுதாத ரிமெய்ண்டரில் எந்தப் படியும் தொடங்கியே இருக்காது. நடுவில் நின்றது மட்டும்தான் வரிசையைக் காட்டும். மற்ற இரண்டையும்விட இதை நான் மேலாக நினைப்பது இதனால்தான். இரண்டு பேர் சேர்ந்து பொறுப்பேற்றால்தான் காகிதம் பணமாகும் என்ற ஏற்பாட்டில், ஒருவர் பொறுப்பேற்றுவிட்டார், இன்னொருவர் இன்னும் ஏற்கவில்லை.

ஆனால் ஏமாற வாய்ப்பு அதிகமுள்ளதும் இந்த வகையில்தான். முதல் நோட்டாக இதை வாங்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இது.

முதல் சந்தேகம்: ஒரு கையெழுத்து உண்மையிலேயே போடாமல் விட்டதா, அல்லது போட்டு மங்கிவிட்டதா? பழைய மை சில காகிதங்களில் கண்ணுக்கே தெரியாத அளவு வெளுத்துவிடும். தண்ணீரில் நனைத்துக் கழுவிய நோட்டிலும் போய்விடும். நோட்டை மேசையில் வைத்து, கைபேசி டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். எஃகு நிப்பு ஓடிய இடத்தில் மை போனாலும் கீறல் தடம் நிற்கும். புற ஊதா விளக்கு இருந்தால் இன்னும் நல்லது, மை இருந்த இடம் இருட்டாகத் தெரியும். நோட்டின் நிலையும் ஒரு சாட்சி. பாதியில் நின்ற நோட்டு வங்கியை விட்டு வெளியே போகவில்லை என்றால் அது பர்ஸில் மடிந்திருக்கக் கூடாது, அழுக்காகியிருக்கக் கூடாது. நன்றாகப் புழங்கித் தேய்ந்த நோட்டில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தால், அதைப் பாதி கையெழுத்து நோட்டு என்ற பெயரில் கூடுதல் விலைக்கு வாங்காதீர்கள். பெரும்பாலும் இன்னொன்று மங்கியிருக்கும்.

இரண்டாவது சந்தேகம் இதைவிட முக்கியம்: இருக்கிற கையெழுத்து அந்தக் காலத்துடையதா? காலி நோட்டில் கையெழுத்துப் போட்டு நிரப்புவது புதிய வேலை அல்ல. வங்கி மூடிய பிறகு மிஞ்சிய தாள்களை எடுத்து, போலிக் கையெழுத்துப் போட்டு, விவரம் தெரியாதவர்கள் தலையில் கட்டியது 19-ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. இன்று நடப்பது வேறு மாதிரி. புழங்கியதாகக் காட்டினால் விலை ஏறும் வங்கிகளின் நோட்டுகளில் நம் காலத்து ஆளே பேனாவை எடுத்துவிடுகிறார்.

பிடிப்பதற்கு நல்ல வழி, மடிப்பைப் பார்ப்பது. அச்சான புதுக் காகிதத்தின் மேல் ஒரு பசைப் பூச்சு இருக்கும். மை அதன்மேல் நின்று, கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்கும். காகிதம் மடிந்தால் மடிப்பில் அந்தப் பூச்சு உடைந்து நார் வெளியே வரும். மடிப்பு விழுந்த பிறகு யாராவது அதன்மேல் எழுதினால், பேனா மடிப்பைத் தாண்டும் இடத்தில் மை நாருக்குள் இழுத்துக்கொண்டு சின்னச் சின்ன வேர்களாகப் பரவும். கையெழுத்து முதலில், மடிப்பு பிறகு என்றால் பரவல் இருக்காது. மை கோடு மடிப்போடு சேர்ந்து தேய்ந்து உடைந்திருக்கும். இதே சோதனை ஊசித் துளைக்கும் பொருந்தும், கிழிசல் ஓரத்துக்கும் பொருந்தும். கிழிசலின் உள் ஓரத்தில் மை இறங்கியிருந்தால், கிழிந்த பிறகு எழுதியது. கூடவே நிறத்தையும் பாருங்கள். பழைய இரும்பு மை ஒரே சீராகப் பழுக்காது. கனத்த இழுப்பில் ஆழ்ந்த பழுப்பு, மெல்லிய இழுப்பில் வெளிர் பழுப்பு. எல்லா இடத்திலும் ஒரே நிறம், அதுவும் நீலம் தட்டினால், கையை எடுத்துவிடுங்கள். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஐந்தாறு உண்மையான பழைய கையெழுத்துகளை லூப்பில் பார்த்துப் பழகினால் கண் தானாகச் சொல்லும். விலை மலிவான, நன்றாகத் தேய்ந்த, முழுக்கக் கையெழுத்தான ஒரு நோட்டைப் பழகுவதற்கென்றே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வகைக்கு, அதாவது புழங்கிய நோட்டுக்கு, ஆதரவாக நான் சொல்வதும் இதுதான். அது நேர்மையான ஆசான். மடிப்பு, மை, தேய்மானம் எல்லாம் எப்படி ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும் என்று காட்டும். பணமாக இருந்த பொருள் என்ற மரியாதையும் அதற்கு உண்டு. ஆனால் விலை விஷயத்தில் ஒரே சூத்திரம் வைத்துக்கொள்ளாதீர்கள். நிறைய ரிமெய்ண்டர் தங்கிய வங்கி என்றால், கையெழுத்தாகிப் புழங்கிய கிழிசல்தான் அரிது, அதற்குத்தான் விலை. முழுக்க வெளியிட்டுத் தீர்த்துவிட்ட வங்கி என்றால், காலித் தாள் கிடைப்பது அரிது. கையெழுத்து இருந்தால் விலை கூட என்றோ, புத்தம் புதிதாக இருந்தால் விலை கூட என்றோ பொதுவாகச் சொல்லும் டீலரிடம், எந்த வங்கி, எத்தனை தங்கியது என்று கேளுங்கள்.

இந்திய நோட்டுகளுக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கையெழுத்தில்லாத நோட்டுகளில் புகழ்பெற்றவை இரண்டும் கடலில் இருந்து வந்தவை. 1928-ல் நாசிக்கில் கரன்சி நோட்டு அச்சகம் வரும் வரைக்கும் இந்திய அரசின் நோட்டுகள் இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1918 ஜூலை 2 அன்று, லண்டனில் இருந்து பம்பாய் வந்துகொண்டிருந்த ஷிராலா என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. கட்டுக்கட்டாக நோட்டுகள் கரை ஒதுங்கின. ஒரு ரூபாய் நோட்டுகளில் கையெழுத்து இருந்தது. ஐந்து, பத்து ரூபாய் நோட்டுகளில் இல்லை. பெரும்பாலானவற்றை மீட்டு அழித்துவிட்டார்கள். சில மட்டும் தனியார் கையில் தங்கின. 1918 மே 25 என்று தேதியிட்ட, அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் 2024 மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது இங்கேயும் செய்தியானது.

மற்றது எகிப்து என்ற பயணிகள் கப்பல். 1922 மே 20 அன்று, மூடுபனியில், பிரான்ஸின் மேற்குக் கரைக்கு அப்பால் ஸேன் என்ற பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் மோதியதில் எகிப்து மூழ்கியது. அதில் பெரும் தங்கம் இருந்தது. ஹைதராபாத் நிஜாம் அரசுக்காக அச்சாகி வந்துகொண்டிருந்த நோட்டுகளும் இருந்தன. நூறு மீட்டருக்கும் மேலான ஆழம். 1930-களில் ஆர்ட்டிக்லியோ என்ற இத்தாலிய மீட்புக் கப்பலின் ஆட்கள் தங்கத்தைத் தூக்கியபோது கையெழுத்தில்லாத அந்த நோட்டுகளும் மேலே வந்தன. பத்து வருடம் கடலடியில் கிடந்தும் படிக்கும் நிலையில் இருந்தன. நினைவுப் பொருளாகப் பலர் கைக்குப் போயின. கடல்நீர்க் கறையும், கையெழுத்து வரவேண்டிய இடத்தின் வெறுமையும் சேர்ந்து அந்த நோட்டை எனக்கு மிகவும் உயர்வாகத் தோன்றச் செய்கின்றன. வாங்க முடிந்தால் எந்த அமெரிக்க ரிமெய்ண்டரையும் அதற்காக விட்டுவிடுவேன். ஆனால் கறை படிந்த எல்லா ஹைதராபாத் நோட்டும் எகிப்து நோட்டு ஆகாது. எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதச் சான்று இல்லாமல் கப்பல் கதைக்கென்று தனி விலை கொடுக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆளுநர் கையெழுத்து விழாத இன்றைய ஆர்பிஐ நோட்டு வேறு ஜாதி. அது அச்சுப் பிழை. அந்த வரிசையின் மற்ற நோட்டுகளெல்லாம் கையெழுத்தோடு வந்திருக்கும், இதில் ஒரு படி தவறியிருக்கும். அதைச் சேகரிப்பதும் நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கான விலைக் கணக்கும் போலி செய்யும் முறையும் தனி. கையெழுத்தை ரசாயனத்தால் அழித்துப் பிழை நோட்டு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, பர்மாவில் இருந்தும் மலாயாவில் இருந்தும் திரும்பி வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் ஜப்பான் ராணுவ நோட்டுகள். வாழைமரப் படம் போட்ட பத்து டாலரை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கையெழுத்து இல்லாதது வடிவமைப்பே அப்படி என்பதால். அவை வெளியிட்டுப் புழங்கிய பணம். "கையெழுத்தில்லாத அபூர்வ நோட்டு" என்று யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பெசிமன் முத்திரை குத்திய மாதிரி நோட்டும் நம் ஒப்பீட்டில் சேராது. வங்கிகளுக்குக் காட்டுவதற்கென்றே தயாரித்தது அது.

எதிர்த்திசையில் ஒரு வகையும் உண்டு, இங்கே சொல்லத் தகுந்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து திரும்பி வந்த நோட்டுகளைச் செல்லாததாக்க, கேஷியர் கையெழுத்து இருந்த மூலையைக் கிழித்துவிடும். கையெழுத்து போனால் பணம் போயிற்று. கையெழுத்துக்கு முன்னால் நின்ற ரிமெய்ண்டரும், கையெழுத்து கிழிந்த இந்த நோட்டும் ஒரே ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல ஜோடி கிடையாது. கையிருப்பு அனுமதித்தால் யோசியுங்கள்.

விற்பதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் பலருக்கு அதுவும் முடிவின் ஒரு பகுதி. சென்னைச் சந்தையில் வேகமாகப் போவது இந்திய நோட்டு. அதிலும் கையெழுத்து வகை. நம்மவர்கள் கையெழுத்தைத் துரத்துவதில் கெட்டிக்காரர்கள். 1985-ல் இருபதே நாள் ஆளுநராக இருந்த அமிதாவ் கோஷின் பத்து ரூபாய் எங்கே கிடைக்கும் என்று பள்ளிப் பையன்களுக்குக் கூடத் தெரியும். முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடவில்லை, 1938-ல் வந்த முதல் ஆர்பிஐ ஐந்து ரூபாயில் இருப்பது ஜே.பி. டெய்லர் கையெழுத்து என்பதும் தெரியும். 786 எண், ஃபேன்சி எண் தேடுகிறவர்கள் தனிக் கூட்டம். எண்ணே இல்லாத நோட்டு அவர்களுக்கு எதற்கு? ஆக, வாங்கிய விலைக்கு ஒரு அமெரிக்க ரிமெய்ண்டரை இங்கேயே திரும்ப விற்பது கடினம். வெளிநாட்டு ஏலத்துக்கோ இணைய விற்பனைக்கோதான் போக வேண்டும். போட்ட பணம் ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பி வர வேண்டும் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம், நல்ல நிலையில் உள்ள ஜார்ஜ் மன்னர் காலத்து நோட்டு வாங்குங்கள். வைத்துப் பார்ப்பதற்காக என்றால் சந்தையின் மந்தம் உங்களுக்கு லாபம். போட்டிக்கு ஆள் குறைவு, நிதானமாகப் பொறுக்கலாம்.

என் யோசனை இப்படி. முதலில் அதிகம் கிடைக்கிற வங்கியின் கையெழுத்தில்லாத நோட்டு ஒன்று, அதோடு மலிவான, புழங்கிய, முழுக் கையெழுத்து நோட்டு ஒன்று. இரண்டும் சேர்ந்தே பெரிய செலவு இல்லை. ஒரு வருடம் அவற்றோடு பழகுங்கள். ஏல நிறுவனங்களின் இணையதளத்தில் பழைய விற்பனைப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் பழகிய பிறகு, மொத்தமாகச் சேர்த்த பணத்தை நல்ல பாதி கையெழுத்து நோட்டு ஒன்றில் போடுங்கள். முடிந்தால் கேஷியரின் பெயர் தெளிவாகப் படிக்க முடிகிறதாக. பெயர் இருந்தால் அந்த வங்கியின் பழைய பதிவுகளோடு ஒப்பிடலாம், அந்த ஆள் அந்தப் பதவியில் இருந்த வருடங்கள் தேதி வரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். போலிக்காரர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

பிஎம்ஜி போன்ற தரச்சான்று நிறுவனத்தின் உறையில் வந்தால் பாதி கையெழுத்து நோட்டுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன். ரிமெய்ண்டர் என்ற குறிப்பு லேபிளிலேயே இருக்கும். மற்ற இரண்டுக்கும் அந்தச் செலவு தேவையில்லை.

வைக்கும் முறை: பிவிசி உறை வேண்டாம், நம் வெயிலுக்கு அது வியர்த்து மையோடு ஒட்டும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். இரும்பு பீரோவின் அடித்தட்டு வேண்டாம், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் முதலில் ஏறுவது அங்கே. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலம் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பழைய பசைப் பூச்சுள்ள காகிதம் மிகவும் பிடிக்கும், ஆகவே பழைய புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் நோட்டு ஆல்பத்தை வைக்காதீர்கள்.

ரசீது வாங்கும்போது வெறுமனே பழைய நோட்டு என்று எழுத விடாதீர்கள். எந்த வங்கி, என்ன மதிப்பு, எது எழுதியிருக்கிறது, எது காலி என்று எழுதச் சொல்லுங்கள்: கேஷியர் கையெழுத்து உண்டு, தலைவர் கோடு காலி, தேதி நிரப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரு பக்கமும் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, ரசீதின் படத்தோடு சேர்த்து வையுங்கள். காலிக் கோட்டில் நாளைக்கு வேறு யார் கையிலாவது பேனா ஏறலாம். அப்போது, உங்களிடம் இருந்தபோது அது காலியாகத்தான் இருந்தது என்பதற்கு அந்த ஸ்கேன்தான் அத்தாட்சி.